பெரிய விமானம் இறங்குகிற காற்றில் பயிற்சி மாணவர் ஏன் தனியாகப் பறக்கக் கூடாது?

பைலட் பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பியிருக்கும் வீடுகளில் ஆடி மாதம் வந்தாலே ஒரு கேள்வி கிளம்பிவிடும். “இதே காத்துலதானே சார் பெரிய பெரிய விமானமெல்லாம் இறங்குது? எங்க பையனை மட்டும் ஏன் மூணு நாளா கீழேயே உக்கார வெச்சிருக்காங்க?” நியாயமான கேள்விதான். பயிற்சிக்குப் பல லட்சம் கட்டியாகிவிட்டது, பறந்த மணிக்கணக்கு ஏறவில்லை, வானமோ பளிச்சென்று இருக்கிறது. பயிற்சிப் பள்ளி சொல்லும் காரணம் ஒரே வரி: “சோலோவுக்கு லிமிட் தாண்டிவிட்டது.”

அந்த லிமிட்டை யார் வைக்கிறார்கள், எந்தக் கணக்கில் வைக்கிறார்கள் என்பதை மதுரை ஓடுதளத்தையும் மதுரையின் பருவங்களையும் வைத்துப் பார்ப்போம். முறை எந்த ஊர் ஓடுதளத்துக்கும் ஒன்றுதான், எண்கள்தான் மாறும்.

சோலோ: தனியாக, ஆனால் மேற்பார்வையில்

இந்தியாவில் மாணவர் பைலட் உரிமம் வாங்க 16 வயது ஆகியிருக்க வேண்டும். வணிக பைலட் உரிமத்துக்கு 18 வயதும் 200 மணி நேரப் பறப்பும் தேவை. அந்த 200-இல் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு முழுக்க அவருடையதாக இருக்க வேண்டும். ஆக, இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இல்லாமல் பறப்பது பயிற்சியின் ஏதோ ஒரு நாள் சடங்கு இல்லை. பயிற்சியில் பாதியே அதுதான்.

ஆனால் மாணவர் உரிமம் வைத்திருப்பவர் தன் இஷ்டத்துக்கு விமானத்தை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. ஒவ்வொரு சோலோவும் ஒரு இன்ஸ்ட்ரக்டரின் அனுமதியிலும் மேற்பார்வையிலும் நடக்க வேண்டும் என்பது விதி. அன்றைய வானிலையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் பொறுப்பு. கையெழுத்துப் போட்ட பிறகு அவர் தரையில் நிற்கிறார், மாணவர் மேலே இருக்கிறார். ரேடியோவில் நாலு வார்த்தை சொல்லலாம், ஸ்டிக்கைப் பிடித்துத் திருத்த முடியாது. வானிலை எல்லை என்ற ஏற்பாடே இந்த இடைவெளிக்காகத்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பக்கத்து இருக்கையிலிருந்து எழுபது எண்பது கிலோ இறங்கிவிட்டால் விமானத்தின் நடத்தையே மாறுகிறது. பயிற்சியில் அதிகம் பயன்படும் செஸ்னா 152-இன் அதிகபட்ச எடையே சுமார் 757 கிலோ, செஸ்னா 172எஸ்ஸுக்கு சுமார் 1,157 கிலோ. எடை குறைந்ததும் விமானம் சட்டென்று எழும்பும், இறங்கும்போது தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். காற்றுக்கும் எளிதில் ஆடும். முதல் சோலோவில் மாணவர் இதை முதல்முறையாக, யாரும் பக்கத்தில் இல்லாமல் சந்திக்கிறார்.

மூன்று எண்கள், மூன்று கேள்விகள்

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. ஒரே வானிலைக்கு மூன்று வேறு எல்லைகள் இருக்கின்றன.

1. சட்டம் வைத்த எல்லை. கண்ணால் பார்த்துப் பறக்கும் பறப்புக்கு 10,000 அடிக்குக் கீழே குறைந்தது 5 கிலோமீட்டர் பார்வைத்தூரம் வேண்டும். மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டரும் மேலும் கீழும் 1,000 அடியும் விலகியிருக்க வேண்டும். விமான நிலையக் கட்டுப்பாட்டு வளையத்துக்குள் மேகக்கூரை 1,500 அடிக்குக் குறைந்தால் இவ்வகைப் பறப்புக்கு ஏறவும் இறங்கவும் வழக்கமான அனுமதி இல்லை. வானத்தின் பாதிக்கு மேல் மூடியிருக்கும் மேகங்களில் மிகத் தாழ்ந்ததன் அடிமட்டம்தான் மேகக்கூரை. இந்த எல்லை எல்லாருக்கும் பொது, பத்தாயிரம் மணி நேரம் பறந்தவருக்கும் இதேதான்.

2. விமானத்தின் எல்லை. செஸ்னா 152-இன் கையேட்டில் பக்கக்காற்றுக்கு 12 நாட் என்றும், 172-இல் 15 நாட் என்றும் இருக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். அந்த எண்ணுக்கு முன்னால் “செய்துகாட்டப்பட்ட” என்ற சொல் ஒட்டியிருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. விமானத்துக்குச் சான்றிதழ் வாங்கும்போது சோதனை பைலட் ஒருவர் அந்தக் காற்றில் இறக்கிக் காட்டினார் என்பதுதான் அதன் பொருள். அவர் தொழிலே அது. அவருடைய எண்ணை ஒரு மாணவர் தன் எண்ணாக எடுத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை.

3. இந்த மாணவரின் எல்லை. இன்றைக்கு, இந்த ஓடுதளத்தில், இந்த மாணவர் யார் உதவியும் இல்லாமல் எதைச் சமாளிப்பார்? இதற்குச் சட்டப் புத்தகத்திலும் பதில் இல்லை, விமானக் கையேட்டிலும் பதில் இல்லை. அவரோடு பறந்த இன்ஸ்ட்ரக்டருக்குத்தான் தெரியும்.

முதல் இரண்டும் அச்சில் இருக்கின்றன, மூன்றாவது பல இடங்களில் வாய்வார்த்தையாகவே இருக்கிறது. அதையும் எண்ணாக எழுதி, மாணவர் கையில் கொடுத்து, இருவரும் கையெழுத்திட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. “இன்னைக்குக் கொஞ்சம் காத்தா இருக்கே, பார்த்துப் போ” என்பது எல்லை இல்லை. மேலே போன பிறகு அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று கேட்க ஆள் இருக்காது.

அமெரிக்க விதிகள் மாணவர்களுக்கென்றே தனி எண் வைத்திருக்கின்றன. பகலில் சுமார் 4.8 கிலோமீட்டர், இரவில் சுமார் 8 கிலோமீட்டர் பார்வைத்தூரம் வேண்டும், தரை கண்ணில் படாமல் பறக்கவே கூடாது. அதற்கும் மேலே இன்ஸ்ட்ரக்டர் மாணவரின் பறப்புப் பதிவேடான லாக்புக்கில் எழுதும் நிபந்தனையும் மாணவரைக் கட்டுப்படுத்தும். எழுத்தில் இருப்பதன் பலம் அதுதான்.

காற்று: மதுரையின் தனிச் சிக்கல்

முதலில் அந்தப் பெற்றோரின் கேள்விக்கு வருவோம். ஏர்பஸ் ஏ320 இறங்கும்போது ஏறக்குறைய 135 நாட் வேகத்தில் வருகிறது. செஸ்னா 172 வருவது 65 நாட்டில். இருவருக்கும் பக்கத்திலிருந்து 15 நாட் காற்று என்று வையுங்கள். நேராக வர ஏர்பஸ் தன் மூக்கைச் சுமார் 6 டிகிரி காற்றுப் பக்கம் திருப்பினால் போதும். செஸ்னா 13 டிகிரி திருப்ப வேண்டும், தரையைத் தொடும் அந்த நொடியில் அவ்வளவையும் நேராக்கவும் வேண்டும். நான்குவழிச் சாலையில் பக்கவாட்டுக் காற்றடிக்கும்போது லாரி தன்பாட்டுக்குப் போக, டிவிஎஸ் 50 தள்ளாடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இனி மதுரை. ஓடுதளம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கிழக்கு நோக்கி ஓடினால் 09, மேற்கு நோக்கி ஓடினால் 27. இந்த எண்ணின் பின்னால் ஒரு சுழியம் சேர்த்தால் திசை கிடைத்துவிடும்: 90 டிகிரி, 270 டிகிரி. தென்மேற்குப் பருவத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களில் புகுந்து வரும் மேற்குக் காற்று பெரும்பாலும் ஓடுதளத்துக்கு நேர் எதிரே வீசும். பக்கக்காற்றுக் கணக்குப் போட்டால் மிகக் குறைவாகவே வரும்.

பக்கக்காற்றைக் கணக்கிட மனத்தில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: காற்று ஓடுதளத்துக்கு 30 டிகிரி சாய்ந்து வந்தால் அதன் வேகத்தில் பாதி பக்கக்காற்று. 45 டிகிரியில் பத்தில் ஏழு பங்கு, 60 டிகிரியில் கிட்டத்தட்ட முழுவதும். 280 டிகிரியிலிருந்து 20 நாட் காற்று வந்தால் 27-க்குப் பக்கக்காற்று 4 நாட்டுக்கும் குறைவு. “பக்கக்காற்று 5 நாட் வரை சோலோ போகலாம்” என்று மட்டும் எழுதி வைத்திருந்தால், அந்த நாளில் மாணவர் கிளம்பிவிடலாம்.

ஆனால் கிளம்பக் கூடாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர்கள் சராசரி வேகத்தை வைத்துச் சொல்லவில்லை. காற்று சீராக வீசாமல் வீச்சு வீச்சாக வருகிறது. பைலட்டுகள் பேச்சில் அது கஸ்ட். 65 நாட்டில் இறங்கிக்கொண்டிருக்கும் மாணவருக்கு எதிர்க்காற்று திடீரென்று 10 நாட் குறைந்தால், இறக்கையின் மேல் ஓடும் காற்றின் வேகம் அந்தக் கணத்தில் 55 ஆகிவிடும். இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடலான ஃபிளாப்பை முழுக்க இறக்கிய 172-இன் இறக்கை தூக்குவதை நிறுத்தும் வேகம் ஏறக்குறைய 48 நாட். 17 நாட் இருந்த இடைவெளி 7 ஆகிவிட்டது, அதுவும் தரைக்கு நூறு அடி மேலே. ஏர்பஸ்ஸுக்கு இதே 10 நாட் அதன் வேகத்தில் பதிமூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. விமான நிலைய வானிலை அறிக்கையை மெட்டார் என்பார்கள். அதில் வரும் காற்று பத்து நிமிடச் சராசரி. அந்தச் சராசரியைவிட 10 நாட் அல்லது அதற்கு மேல் தாண்டினால்தான் வீச்சு என்று தனியாகப் பதிவாகும். 14 நாட் சராசரியில் காற்று 6-க்கும் 22-க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தாலும் அறிக்கையில் வெறும் 14 என்றுதான் இருக்கும். அனுபவசாலிக்கு அது ஒரு பொருட்டில்லை. முதல் சோலோ போகிறவருக்கு எட்டு நாட் ஏற்ற இறக்கம் பெரிய விஷயம். ஆகவே வீச்சு எல்லையை மெட்டாரை மட்டும் நம்பி வைக்க முடியாது. விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர் சொல்லும் காற்று இரண்டு நிமிடச் சராசரி, அதைச் சில முறை கேட்டு ஒப்பிட வேண்டும். ஓடுதள ஓரத்தில் கம்பத்தில் கட்டியிருக்கும் காற்றுப் பையைக் கொஞ்ச நேரம் நின்று கவனிக்க வேண்டும். ஏறத்தாழ 15 நாட்டில் அது முழுக்க விறைத்து நிற்கும். விறைப்பதும் தொங்குவதுமாக மாறி மாறி ஆடினால் வீச்சு இருக்கிறது. எல்லாவற்றையும்விட நம்பகமான வழி, அன்று காலை இன்ஸ்ட்ரக்டரே மாணவரோடு இரண்டு மூன்று சர்க்யூட் (ஏறி, ஓடுதளத்தை ஒரு வட்டம் சுற்றி இறங்குவது) சுற்றிவிட்டு, திருப்தி இருந்தால் மட்டும் இறங்கிக்கொள்வது.

அப்புறம் மலைகள். மேற்குக் காற்று மலை முகட்டைத் தாண்டி இறங்கும் பக்கத்தில் உருண்டு புரளும். ஆண்டிப்பட்டி, வருசநாட்டு மலைகளின் கிழக்குப் பக்கமும் சிறுமலை, நாகமலை ஓரங்களும் ஆடியில் சோலோ பயிற்சிக்கு ஏற்ற இடங்கள் இல்லை. எல்லைத் தாளில் எண்களோடு “இந்தத் திசைக்குப் போகாதே” என்ற வரியும் வேண்டும்.

இப்படிப் பார்த்தால் காற்றுக்கு ஒரே எண் போதாது. மொத்த வேகம், பக்கக்காற்று, வீச்சு, பின்காற்று என நான்கும் தனித்தனியே வேண்டும். வீச்சு இருக்கும் நாளில் பக்கக்காற்றை வீச்சின் உச்சத்தை வைத்தே கணக்கிட வேண்டும். 240 டிகிரியிலிருந்து 18 நாட், வீச்சு 28 என்றால் பக்கக்காற்று 9 என்று எழுதிக்கொள்வது தப்பு. 14 என்று எழுத வேண்டும்.

மேகமும் பார்வைத்தூரமும்

சட்டம் சொல்லும் 5 கிலோமீட்டர் தூரம் கேட்க நிறைய. 90 நாட்டில் பறக்கும் விமானம் அதை 1 நிமிடம் 48 நொடியில் கடந்துவிடும். எதிரே இன்னொரு விமானம் அதே வேகத்தில் வந்தால் 54 நொடிதான். அதற்குள் அதைப் பார்த்து, அது எந்தப் பக்கம் போகிறது என்று புரிந்து, திரும்ப வேண்டும். சர்க்யூட்டில் சரிபார்ப்புப் பட்டியல், ரேடியோ, உயரம், வேகம் என்று நான்கு வேலையில் மூழ்கியிருக்கும் மாணவருக்கு அந்த நேரம் போதாது. 8 கிலோமீட்டரிலிருந்து தொடங்குவது நல்லது.

மேகக்கூரையிலும் அப்படித்தான். சர்க்யூட் தரையிலிருந்து 1,000 அடியில் சுற்றுகிறோம். மேகத்துக்குக் கீழே 1,000 அடி இடைவெளி வேண்டும். கூட்டினால் 2,000. கூரை 1,500 அடி இருந்தாலே புறப்படலாம் என்ற விதியை மட்டும் படித்துவிட்டு ஏறும் மாணவர், சர்க்யூட் உயரத்தை எட்டும்போது மேகத்துக்கு 500 அடி பக்கத்தில் இருப்பார். ஆகவே மாணவருக்குக் குறைந்தபட்சம் 2,500. முதல் சோலோவுக்கு 3,000.

மேகத்துக்குள் போய்விட்டால் என்ன ஆகும்? 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்துப் பறக்கவிட்டார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அதற்கு ஆன நேரம் 178 நொடி, மூன்று நிமிடம்கூட இல்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, விமானம் மெல்லச் சாய்வதை உணர்வதே இல்லை. நேராகப் போகிறோம் என்று உடல் சத்தியம் செய்யும், விமானமோ சுழன்று இறங்கிக்கொண்டிருக்கும். திறமைக்கும் தைரியத்துக்கும் இதில் வேலை இல்லை, மனித உடலின் அமைப்பு அப்படி. மேக எல்லையில் எந்தச் சலுகையும் கூடாது என்று சொல்வதற்கு இது ஒன்றே எனக்குப் போதும்.

மேகம் எவ்வளவு உயரத்தில் உருவாகும் என்று மாணவரே உத்தேசமாகக் கணக்கிடலாம். வெப்பநிலையிலிருந்து பனிநிலையை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) கழித்து 400-ஆல் பெருக்கினால் வெயிலில் கிளம்பும் குவிமேகங்களின் அடிமட்டம் அடியில் கிடைக்கும். 32-உம் 22-உம் என்றால் சுமார் 4,000 அடி. இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்று இரண்டு டிகிரிதான் என்றால், அது மார்கழி, தை விடியலின் பனிமூட்டத்துக்கான அறிகுறி. அப்படிப்பட்ட காலையில் வெயில் ஏறும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கடிகாரமும் ஒரு எல்லைதான்

எண்கள் சரியாக இருக்கும் நேரத்தில் புறப்பட்டு, அவை கெட்டுப்போகும் நேரத்தில் இறங்க வேண்டி வரலாம். மதுரை வட்டாரத்தில் அந்த மாற்றத்துக்குப் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

ஆடியில் விடியற்காலையில் தரையோரக் காற்று அடங்கியிருக்கும். இரவில் குளிர்ந்த தரை, தன்மேல் ஒரு கனத்த காற்றுப் படலத்தை விரித்து வைத்திருக்கும்; மேலே வீசும் பலமான காற்று அதைத் தாண்டிக் கீழே வராது. வெயில் ஏறி அந்தப் படலம் கலைந்ததும் மேல்காற்று தரைக்கு இறங்கிவிடும். ஏழு மணிக்கு 6 நாட், பத்து மணிக்கு 18 நாட் என்று ஆவது இப்படித்தான். ஏழு மணிக் காற்றைப் பார்த்து ஒன்பதரை மணி சோலோவுக்கு அனுமதி கொடுத்தால் மாணவர் வேறொரு காற்றில் இறங்குவார்.

சித்திரை, வைகாசியிலும் புரட்டாசி, ஐப்பசியிலும் சிக்கல் பிற்பகலில். மதியத்துக்கு மேல் மேகம் கட்டி, மாலையில் இடியோடு கொட்டும். இடிமழை தலைக்கு மேல் வந்தால்தான் ஆபத்து என்று நினைக்கக் கூடாது. மழையோடு கீழே விழும் குளிர்ந்த காற்று தரையில் மோதி எல்லாத் திசையிலும் பரவி ஓடும். பல கிலோமீட்டர் தள்ளி, வெயில் அடிக்கும் ஓடுதளத்தில்கூட அது வந்து இறங்கும். கிழக்கு மேற்கு ஓடுதளத்தில் இந்தக் காற்று வடக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ 20 நாட்டில் வந்தால் அத்தனையும் பக்கக்காற்று. சோதனை பைலட் காட்டிய 15-ஐயே தாண்டிவிட்டது. பலமான இடிமேகத்துக்கு 20 கடல் மைலுக்குள் (சுமார் 37 கிலோமீட்டர்) போகாதே என்று அனுபவசாலிகளுக்கே சொல்கிறார்கள். மாணவர் சோலோவுக்கு 30 வைக்கலாம், அதோடு இந்த மாதங்களில் மதியம் ஒரு மணிக்குள் விமானம் தரையில் நிற்க வேண்டும் என்று நேரத்தையும் எழுதிவிடலாம்.

நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மெட்டாரில் இருப்பது உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 04:00 என்று இருப்பது நம் காலை ஒன்பதரை.

வெப்பத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மதுரை ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 460 அடி உயரத்தில் இருக்கிறது. 38 டிகிரி வெயிலில், காற்றழுத்தம் 1,004 ஹெக்டோபாஸ்கல் ஆக இருக்கும் நாளில், இன்ஜினும் இறக்கையும் சுமார் 3,600 அடி உயரத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். ஓடுதளம் நீளமாக இருப்பதால் எழும்புவதில் பிரச்சினை வராது, ஏறும் வேகம்தான் மந்தமாகும். சிறிய ஓடுதளத்தில் இதற்கும் ஓர் எண் வேண்டும்.

ஒரு மாதிரித் தாள்

கீழே இருப்பவை விதிகள் அல்ல. மேலே சொன்ன கணக்குகளை வைத்து ஓர் இன்ஸ்ட்ரக்டர் எப்படித் தொடங்கலாம் என்பதற்கான மாதிரி.

1. முதல் சோலோ. மொத்தக் காற்று 10 நாட், பக்கக்காற்று 5, பின்காற்று கூடாது, வீச்சு கூடாது. பார்வைத்தூரம் 8 கிலோமீட்டர், மேகக்கூரை 3,000 அடி. அதே நாளில், அதே ஓடுதளத்தில் இன்ஸ்ட்ரக்டரோடு சர்க்யூட் முடித்திருக்க வேண்டும்.

2. பழகிய பின் சர்க்யூட்டும் அருகிலுள்ள பயிற்சிப் பகுதியும். மொத்தக் காற்று 15, பக்கக்காற்று 8, வீச்சு சராசரிக்கு மேல் 5. மேகக்கூரை 2,500 அடி, பயிற்சிப் பகுதிக்குப் போனால் 3,500. மலையின் காற்று மறைவுப் பக்கம் கிடையாது.

3. வெளியூர் சோலோ. புறப்படும் ஊர், போகும் ஊர் இரண்டிலும் இரண்டாம் நிலைக் காற்று எல்லை. வழி முழுக்க மேகக்கூரை 4,000 அடி, பார்வைத்தூரம் 8 கிலோமீட்டர். திரும்பி வந்து இறங்கிய பிறகும் ஒரு மணி நேரத்துக்கு முன்னறிவிப்பு நன்றாக இருக்க வேண்டும்.

ஒரு நிலையிலிருந்து அடுத்ததுக்கு ஏற்றும்போது பறந்த மணிக்கணக்கை மட்டும் பார்க்கக் கூடாது. இன்ஸ்ட்ரக்டர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, மாணவர் 12 நாட் பக்கக்காற்றில் மூன்று நான்கு முறை ஒழுங்காக இறக்கியிருந்தால் சோலோவுக்கு 8 கொடுக்கலாம். சமாளித்துக் காட்டியதில் மூன்றில் இரண்டு பங்கு என்பது நல்ல அளவு. மீதி ஒரு பங்கு, பக்கத்தில் ஆள் இல்லாத பதற்றத்துக்கும் எதிர்பாராமல் மாறும் காற்றுக்கும்.

எல்லையை இறுக்கிக்கொண்டே போவதும் பிழைதான், இதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். காற்றே இல்லாத காலைகளில் மட்டும் பறந்து மணிக்கணக்கைச் சேர்த்தவர், உரிமம் கையில் வந்த முதல் மாதத்தில் ஆடிக் காற்றைச் சந்திப்பார். அப்போது தரையில் நின்று பார்க்க இன்ஸ்ட்ரக்டர் இருக்க மாட்டார். சோலோ ரத்தான காற்று நாள், இன்ஸ்ட்ரக்டரோடு பறப்பதற்கு மிகச் சரியான நாள். அன்றைக்கு மாணவரை வகுப்பறையில் உட்கார வைக்கும் பள்ளி அவருடைய பயிற்சியை வீணாக்குகிறது.

வெளியூர் சோலோ: ஒரு கணக்கு

மதுரையிலிருந்து தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையம் ஏறக்குறைய நேர் தெற்கே, சுமார் 66 கடல் மைல். 100 நாட்டில் நாற்பது நிமிடம். மேற்கிலிருந்து 20 நாட் காற்று வீசுகிறது, மாணவர் அதற்கு இடம் கொடுக்காமல் மூக்கைத் தெற்கே வைத்துக்கொண்டே போகிறார் என்று வையுங்கள். நாற்பது நிமிடத்தில் 13 கடல் மைல், அதாவது 24 கிலோமீட்டர் கிழக்கே ஒதுங்கிவிடுவார். கீழே மன்னார் வளைகுடா.

தரையைப் பார்த்துக்கொண்டே போனால் இது நடக்காது. பன்னிரண்டு நிமிடத்தில் அருப்புக்கோட்டை வர வேண்டும். ஊர் வலப்பக்கம் ஏழு கிலோமீட்டர் தள்ளித் தெரிந்தால், காற்று கணித்ததைவிட அதிகம் என்று அங்கேயே புரிந்துவிடும். காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் என்று வழியடையாளங்கள் வரிசையாக இருக்கின்றன, நான்குவழிச் சாலையும் கூடவே வருகிறது. ஆனால் இதெல்லாம் தரை தெளிவாகத் தெரிந்தால்தான் உதவும். வெளியூர் சோலோவுக்கு மேக எல்லை சர்க்யூட்டைவிடக் கடுமையாக இருப்பதன் காரணம் இதுதான்.

வழியில் வானிலை கெட்டால் என்ன செய்வது என்பதையும் புறப்படும் முன்பே எழுத வேண்டும். பந்தல்குடி தாண்டுவதற்குள் மேகத்தைத் தவிர்க்க 2,000 அடிக்குக் கீழே இறங்க வேண்டி வந்தால் மதுரைக்குத் திரும்பு. பாதி வழி தாண்டிய பிறகு என்றால், முன்னால் தெளிவாக இருக்கிறதா பார்த்து, இருந்தால் தூத்துக்குடியில் இறங்கி அங்கேயே இரு. “இன்னும் கொஞ்ச தூரம் பார்ப்போமே” என்ற எண்ணம் எல்லா பைலட்டுக்கும் வரும். அதற்கான பதிலைத் தரையில், நிதானமாக இருக்கும்போதே எழுதி வைத்திருக்க வேண்டும்.

பள்ளியில் சேரும் முன் கேட்க வேண்டியவை

மாணவர் மேல் விழும் அழுத்தம் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. கட்டணம், வங்கிக் கடன், கூடப் படிப்பவரின் மணிக்கணக்கு, வீட்டிலிருந்து வரும் “இன்னைக்காவது பறந்தியா?” எல்லாம் சேர்ந்துதான் அவர் காற்றுப் பையைப் பார்க்கிறார். பெற்றோர் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, சேர்க்கைக்கு முன்பே பள்ளியிடம் வேறு சில கேள்விகளைக் கேட்கலாம்.

1. சோலோ எல்லைகள் மாணவர் வாரியாக எழுத்தில் இருக்கின்றனவா? மாணவரிடம் ஒரு பிரதி இருக்கிறதா?

2. வழக்கமான இன்ஸ்ட்ரக்டர் விடுப்பில் இருந்தால் யார் கையெழுத்துப் போடுவார்? அவர் இந்த மாணவரோடு ஒரு முறையாவது பறந்திருப்பாரா, அல்லது தாளை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவாரா?

3. எண்கள் எல்லைக்குள் இருந்தும் மாணவர் “இன்று வேண்டாம்” என்றால் அது எப்படிப் பதிவாகும்? அதற்குக் கட்டணமோ திட்டோ உண்டா?

4. நீண்ட மழைக்காலத்துக்குப் பிறகு எல்லை என்ன ஆகும்? ஐப்பசி, கார்த்திகையில் பறக்க முடியாமல் இரண்டு மூன்று வாரம் போய்விடுவது சாதாரணம். கை பழக்கம் விட்டிருக்கும், வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்கியிருக்கும், ஓடுதளத்தையும் 27-க்குப் பதில் 09 பக்கமிருந்து பயன்படுத்தத் தொடங்கியிருப்பார்கள். பழைய தாள் அப்போது செல்லாது. ஒரு நிலை கீழே இறக்கி, இன்ஸ்ட்ரக்டரோடு சில சர்க்யூட் சுற்றி, புதிய எண்களும் புதிய தேதியும் போட்டுத்தான் மறுபடி சோலோ அனுப்ப வேண்டும்.